நாலரை மணிக் குளியல்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வருகிறாள், ஆறு மாதம் இருப்பாள், சம்பளம் வாங்கமாட்டாள், தங்க மட்டும் ஒரு வீடு வேண்டும் என்று தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னார். எல்லோரும் தலையைக் குனிந்து நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். நானும்தான் குனிந்தேன். ஆனால் அந்தப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் நான் ஒருத்திதான். அவர் நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறதே என்றார். முடியாது என்று சொல்ல எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாய் வராது. "அதுக்கென்னங்க சார்" என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

பெருந்துறையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் எங்கள் தோட்டம். மஞ்சள் வெள்ளாமை, ஓரத்தில் கொஞ்சம் தென்னை. என் வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகன் காலேஜ் ஹாஸ்டலில். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. மஞ்சக்காட்டில் நுழைந்த ஆட்டைக்கூட "அட போங்க சாமி" என்றுதான் விரட்டுவார்.

வந்தவளுக்கு இருபத்து மூன்று வயது. வருஷத்தில் பாதி நாள் மழையும் குளிருமாக இருக்கிற ஏதோ ஒரு ஊர். ஒரு மாதத்தில் தட்டுத் தடுமாறித் தமிழ் பேச ஆரம்பித்தாள். எந்த வார்த்தைக்கும் பின்னால் ஒரு 'ங்க' ஒட்டிவிடுவாள், நாய்க்கும் சேர்த்து. லீவில் வந்த என் மகன் அவன் தாத்தாவை அப்பாரு என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்பாருங்க என்றாள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வகுப்பில் அவள் எடுத்த முதல் பாடமே எனக்குச் சிரிப்பாக இருந்தது. தட்டில் பிஸ்கட்டை வைத்து நீட்டுவாள், பிள்ளைகள் வேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒன்றுகூடச் சொல்லவில்லை. எட்டாவது பிஸ்கட்டையும் வாங்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டு "தேங்க்யூ மிஸ்" என்றன. இவர்களுக்கு எப்போதுதான் வரும் என்று என்னிடம் கேட்டாள். எனக்கே இன்னும் வரவில்லை, பிள்ளைகளைக் குறை சொல்கிறாயே என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் கிணறு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தவள், இதில் நீந்தலாமா என்று மாமாவிடம் கேட்டாள். "அதுக்கென்னங்க அம்மணி, தாராளமா" என்றார். விருந்தாளி ஒன்றைக் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். கேட்டவர்களும் "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு" என்று விட்டுவிட வேண்டும். அதுதான் முறை. இவளுக்கு அந்த முறை தெரியாது. உள்ளே ஓடிப்போய்த் துண்டோடு வந்து நின்றாள்.

இங்கேதான் அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதற்குப் போகும் கேபிள் நடுவில் ஒரு தடவை அறுந்து, ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றித் தண்ணீருக்குள் விட்டிருந்தது. அந்த ஜாயிண்ட் கசிகிறது என்று எனக்குத் தெரியும். மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டால் கை சுர்ரென்னும். ஓடி நின்ற பிறகு எட்டிப் பார்த்தால் சில நாள் தவளைகள் வயிறு மேலே தெரிய மிதக்கும். வெயிலுக்குச் செத்திருக்கும் என்பார் மாமா. மழைக்காலத்தில் என்ன வெயில்? தோட்டத்துக்கு வரும் மூணு பேஸ் கரண்டுக்கோ நேரம் காலம் கிடையாது. ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் சாயங்காலம். அதனால் எல்லோரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருப்போம். கரண்டு வந்த அடுத்த நொடி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது.

அவள் கேட்டதும் முதல் நாள் குளித்ததும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நடந்தவை. தினமும் போகிறாள் என்று தெரிந்ததே அடுத்த வாரம்தான். பதறிக்கொண்டு ஓடினேன். மோட்டார் ரூம் கதவு திறந்து கிடந்தது. மோட்டாருக்குக் கரண்டு போகும் மூன்று பீஸ் கட்டையும் பலகையில் இல்லை. கிணற்று மேட்டில் மாமா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. உள்ளே அவள் நீந்தும் சத்தம். என்னைப் பார்த்ததும் பையைத் தட்டிக் காட்டினார். பீஸ் கட்டைகள்.

தினமும் நாலரை மணிக்கு அவற்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் வந்து நின்று, "வாங்க அம்மணி, கெணத்துக்குப் போலாம்" என்று அவரே கூப்பிடுவாராம். அவள் ஏறி வந்து தலை துவட்டிப் போன பிறகு திரும்ப மாட்டிவிடுவாராம். கேபிளை மாற்றுங்கள் மாமா என்றேன். மாற்றுவதென்றால் மோட்டாரை மேலே தூக்க வேண்டும், நாலைந்து நாள் தண்ணீர் நிற்கும், மஞ்சள் வாடிவிடும், மஞ்சள் வெட்டியதும் மாற்றிவிடலாம் என்றார். அப்படியென்றால் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"சொல்லீராத கண்ணு. நம்மூட்டுக் கெணத்துல ஒரு புள்ள குளிக்கக்கூட முடியலைன்னு அவ ஊருக்குப் போய்ச் சொல்லோணுமா?"

நான் சொல்லவில்லை. மருமகள் ஒரு பேச்சை மாமனாரிடம் இரண்டு தடவை பேசக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அது மட்டும் காரணமில்லை. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. தவளை செத்து மிதக்கும் கிணற்றில் உன்னை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

அன்றிலிருந்து நாலரை மணி என்றாலே எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அடுப்படியில் நின்றுகொண்டு காதை மட்டும் கிணற்றுப் பக்கம் வைத்திருப்பேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். அவள் ஈரத்தலையோடு வாசலில் ஏறினால்தான் எனக்கு மூச்சு வரும். பால் பொங்கி வழிந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

மார்கழி பிறந்ததும் பார்த்தேன், மாமாவுக்கு மறதி வந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினார். இரண்டு தடவை காபி குடித்துவிட்டுக் காபி கொடுக்கவில்லையே என்றார். ஒரு நாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சந்தேகப்பட்டு மோட்டார் ரூமுக்குள் போனேன். ஒரு கட்டை பலகையிலேயே இருந்தது. அவர் பையில் இரண்டுதான். பிடுங்கி என் கையில் வைத்துக்கொண்டு, அவள் மேலே வரும்வரை அந்த இடத்திலேயே நின்றேன். மாமாவிடம் காட்டினேன். "அட, ஒண்ணு விட்டுப்போச்சா" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வந்த கோபத்துக்கு அந்தக் கட்டையைக் கிணற்றுக்குள்ளேயே வீசியிருப்பேன். வீசவில்லை. "பாத்துப் புடுங்குங்க மாமா" என்றேன். பாருங்கள் என் வீரத்தை.

தை மாதம் ஒரு புதன்கிழமை, பவானியில் சொந்தத்தில் ஒரு சாவு. துக்கம் விசாரிக்க மாமா காலையிலேயே கிளம்பினார். வண்டி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, நாலரைக்கு அந்த பீஸை மட்டும் பிடுங்கி வைத்துவிடு கண்ணு என்றார். அவளிடமும் தான் இல்லையென்று நிறுத்திவிட வேண்டாம், மருமகள் பார்த்துக்கொள்வாள், போய்க் குளியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சரிங்க மாமா என்றேன்.

அன்றைக்கென்று பள்ளிக்கூடத்தில் மீட்டிங். பரீட்சை, தேர்ச்சி, கையெழுத்து என்று இழுத்துக்கொண்டே போனார்கள். அவள் நாலு மணிக்கே பள்ளி வேனில் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் யாரோ கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐந்து.

சொல்லிக்கொள்ளாமல் எழுந்து ஓடினேன். அவள் போனுக்கு அடித்தேன், மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தேன். அந்த வாரம் சாயங்காலக் கரண்டு என்பது வண்டியை மிதிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று கிலோமீட்டர். மாசாணியம்மா, மாசாணியம்மா என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஓட்டினேன். ரோட்டிலிருந்து எங்கள் தடத்துக்குள் திரும்பியபோது, தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கீழே போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குள் பாய்ந்து பீஸ் கட்டைகளைப் பிடுங்கினேன். மூன்றையும் எண்ணினேன். பிறகு கிணற்றுக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. பத்தடிதான் இருக்கும். அவளைப் பெற்றவளிடம் நான் எந்த மொழியில் சொல்லப் போகிறேன் என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஏழெட்டுப் படி தள்ளி, காலை மடித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு. தலை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

மேலே வந்தவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அழுகையும் ஏச்சுமாக எதையோ கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள், பாதி இங்கிலீஷ், பாதி எங்கள் ஊர்த் தமிழ். முதல் நாள் குளித்து ஏறும்போதே கரண்டு வந்து மோட்டார் ஓடியதாம், குழாயைப் பிடித்தாளாம், கை முழுவதும் சுர்ரென்று இழுத்ததாம். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து மாமா மோட்டார் ரூமுக்குள் போய் எதையோ பையில் போட்டுக்கொண்டு வருவதையும் பார்த்திருக்கிறாள். அவர் மேட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் இறங்குவாளாம். ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் இறங்கியிருக்கிறாள். இரண்டு முறை குழாய் ஓரம் மறுபடி சுர்ரென்றதாம், மாமா கட்டையை மறந்த நாட்களாக இருக்கும். இன்றைக்கு மோட்டார் ஓடுவதைக் கேட்டதும் தொட்டித் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாரு வந்து கேட்டால் குளித்தேன் என்று சொல்ல வேண்டுமே!

அவள் ஆசைப்படுகிறாள் என்று அவர் கரண்டை நிறுத்திக்கொண்டு தினமும் கூப்பிட்டிருக்கிறார். அவர் ஆசையாகக் கூப்பிடுகிறார் என்று இவள் சாவுக்குத் துணிந்து தினமும் இறங்கியிருக்கிறாள். நடுவில் எல்லாம் தெரிந்த நான் காபி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டரை மாதம்.

களத்தில் தேங்காய் உரிக்கும் இடத்தில் கொடுவாள் கிடந்தது. எடுத்து வந்து, கிணற்று விளிம்பில் கேபிளைக் கல்லின்மேல் இழுத்து வைத்து ஓங்கிப் போட்டேன். மூன்று வெட்டில் துண்டாகிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆறு மணி பஸ்ஸில் மாமா வந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்ததும் அவளிடம்தான் முதலில் பேசினார், குளித்தீர்களா அம்மணி என்று. குளிச்சனுங்க அப்பாரு என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எங்களிடம் இதைத்தான் கற்றுக்கொண்டாளா?

"பொய் சொல்றாங்க மாமா. கரண்டு அடிக்கறது தெரிஞ்சேதான் இத்தனை நாளா எறங்கியிருக்காங்க. இனி அந்தக் கெணத்துல யாரும் எறங்கக்கூடாது. கேபிளை நான் வெட்டிப்போட்டேன்."

இருபது வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் என்னையே பார்த்தார். மஞ்சளைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மோட்டார் தூக்கும் ஆட்கள் வந்தார்கள். மூன்று கால் நட்டு, சங்கிலி மாட்டி, குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே ஏற்றினார்கள். கேபிளும் சேறும் பாசியுமாக ஏறி வந்தது. ஜாயிண்ட் வெளியே தெரிந்ததும் அந்த ஆட்களில் ஒருவர் சங்கிலியை நிறுத்திவிட்டு மாமாவைக் கூப்பிட்டார். டேப் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு மூன்று கம்பியும் தோல் உரிந்து பச்சை பூத்து நின்றது. தண்ணீருக்குள் அது கிடந்த இடம், அவள் தினமும் பிடித்து ஏறும் படியிலிருந்து கை எட்டும் தூரம்.

மாமா அந்தக் கம்பியை விரலால் தடவினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுமா எறங்குனீங்க அம்மணி?"

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"நீங்க வந்து கூப்பிட்டீங்கல்லங்க அப்பாரு" என்றாள்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.