முதல் மணி லாபம்

கோட்டாறு கம்போளச் சந்தையில் சொந்தக் கம்பி இழுத்து டெலிபோன் வைத்த முதல் அரிசி வியாபாரி நான்தான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் தந்தி ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த காலத்தில், கடையில் உட்கார்ந்தபடியே ஊர்க்கோடியில் இருந்த என் மில்லோடு பேசினேன். இல்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

கடை, நெல் சேர்த்து வைக்கும் கிட்டங்கி, மில், மூன்றுக்கும் ஒரே கம்பி. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று இடத்திலும் ஒரு மணி அடிக்கும். ஆகவே யாருக்கு எத்தனை மணி என்பதை நானே யோசித்து வகுத்தேன். கடைக்கு ஒன்று, மில்லுக்கு இரண்டு, கிட்டங்கிக்கு மூன்று. கம்பி மாட்ட வந்தவரே பலே என்று தலையாட்டினார்.

என் கணக்குப்பிள்ளைக்குத்தான் அது பொறுக்கவில்லை. அவர் கோயிலுக்குத் தவறாத கத்தோலிக்கர். ஒற்றை மணி கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துச் சிலுவை போடுவார்.

“ஒத்த மணி சாவுமணியாக்கும் மொதலாளி. ஒரு நாளைக்கி எத்தன பேருக்கு நான் செபம் சொல்லது?”

“அதுக்கு என்னவே செய்யணும்? மேளம் வைக்கணுமா?”

“நெல்லு அளக்கையில ஒண்ணுன்னா சொல்லுகோம்? லாபம்னுதானே தொடங்குகோம். மொத மணியையும் லாபம்னு வச்சிருவோம். மனசு ஆறும்லா.”

பெயர்தானே, போகட்டும் என்று விட்டேன். அவரே மில்லுக்கும் கிட்டங்கிக்கும் கூப்பிட்டு, “இனி மொத மணி லாபம், கேட்டேரா?” என்று கத்திச் சொன்னார்.

அதற்கு மறுநாள். விதைப்புக்கு நாள் நெருங்கிய சமயம். கொட்டாரத்து விவசாயி ஒருவர், வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று தம் விதைநெல்லை என் கிட்டங்கியில் போட்டு வைத்திருந்தார். எடுக்க வந்தால் மூட்டைகளைக் காணோம். கிட்டங்கி ஆட்கள் அவிக்கிற நெல்லோடு சேர்த்து மில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கொப்பரையில் வெந்த நெல் முளைக்குமா? மனிதர் கடைக்கு ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, எனக்க வெதை! அவிச்சிரப்போறானுவ!”

“பின்னே டெலிபோன் எதுக்கு வச்சிருக்கேன்? இரியும்வே” என்று சொல்லிக் கைப்பிடியைச் சுற்றினேன். இரண்டு மணி. பதில் இல்லை. மறுபடியும் இரண்டு. குழாயைக் காதில் வைத்தால் காற்று இரைகிற சத்தந்தான். விவசாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போயிற்று.

“சுத்திக்கிட்டே இரும்” என்று கைப்பிடியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டு, விவசாயியை வில்வண்டியில் ஏற்றிக்கொண்டு விரட்டினேன்.

மில் முற்றமெல்லாம் ஆவி. விவசாயி கொப்பரையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். நெல் வாய் பிளந்திருந்தது. அவர் அதைக் கீழே போடவில்லை.

அப்போது சுவரில் டெலிபோன் அடித்தது. இரண்டு மணி. பக்கத்திலேயே நின்ற மில் மேஸ்திரி அசையவில்லை.

“எடும் வேய்! காது அடைச்சிட்டா?”

“அது கடைக்கு உள்ள மணில்லா மொதலாளி” என்றார் நிதானமாக. “லாபம், ஒண்ணு. ரொம்ப நேரமா அடிக்கு. கடையில ஒருத்தரும் எடுக்கல்லியேன்னு நானும் நெனச்சேன்.”

“லாபம்தான்வே ஒண்ணு!”

“எங்க ஊருக் களத்துல லாபம் சாமிக்கு. எண்ணிக்கையில சேராது. அதுக்குப் பொறவுதான் ஒண்ணு.”

நான் வகுத்ததில் ஒரு பிழையும் கிடையாது, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதை யாரிடம் சொல்லி அழ? என் வயலுக்கென்று வைத்திருந்த விதையை அந்த மனிதருக்குக் கொடுத்தேன். அவர் வயலில் பச்சை பிடித்தபோது என் வயல் உழுதபடியே கிடந்தது. மில்லுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

லாபம் என்ற பேச்சே கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பயந்துபோனவர்கள் எத்தனை மணி அடித்தாலும் எடுக்கத் தொடங்கினார்கள். மூன்று முனையிலும் ஒரே நேரத்தில் “ஆருவே அது? ஆருவே அது?” என்று ஒரே கூச்சல். நான் சொல்ல வந்தது மட்டும் எவன் காதிலும் ஏறவில்லை.