எவரிஸ்தாவின் பின்பக்கப் பயணம்

தெனெரிஃபே தீவின் மலைப்பாதையில், ஒரே ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய கொண்டை ஊசி வளைவில்தான் எவரிஸ்தாவின் வீடு. கடற்கரையில் வெந்து சிவந்துவிட்டு, எரிமலையையும் பார்த்துவிடலாமென்று வாடகைக் காரில் ஏறி வருகிற மகராசர்கள் தினமும் அங்கே எதிரெதிரே முட்டிக்கொண்டு நிற்பார்கள். பின்னால் எடுக்க ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. ஹாரன் அடிக்கத் தெரியும். அந்தச் சத்தத்தில் அவளுடைய ஆடுகள் பால் கொடுக்க மறுத்தன. அதனால் பதினெட்டு வருஷமாக அவளே வீட்டுச் செருப்போடு வந்து, "எறங்குய்யா கீழ!" என்று விரட்டிவிட்டு, காரைப் பின்னாலேயே ஓட்டிப்போய் அகலமான இடத்தில் விடுவாள். ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை, மேலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்தின் எதிரே போலீஸ் ஜீப் மாட்டிக்கொண்டது. அவள் ஜீப்பின் கதவைத் திறந்ததும், அதை ஓட்டி வந்த புதுப் போலீஸ்காரன் லெயாந்த்ரோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"லைசென்ஸ் இருக்காம்மா?"

"அது முன்னால போறவங்களுக்கு, கண்ணு. நான் என்னைக்கு முன்னால போனேன்? தள்ளி உக்காரு."

லெயாந்த்ரோ பள்ளத்தை எட்டிப் பார்த்தான். தள்ளி உட்கார்ந்தான்.

பேருந்துக்கு வழிவிடும் அளவுக்கு எங்கேயும் அகலம் இல்லை. நான்கு கிலோமீட்டர் பின்னாலேயே இறங்கி, ஜீப் காவல் நிலைய வாசலில் போய் நின்றது.

அதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"வாங்க எவரிஸ்தாம்மா! போன மாசம் என்னைக் கொண்டாந்து விட்டீங்க, இன்னைக்கு இவனா?"