தெளிந்த தமிழில் வந்த விடை

என் மனைவிக்குத் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். சென்ற ஆண்டு, அதற்கொரு புதிய மருந்து பற்றிய ஆய்வுக்கட்டுரையை இலண்டனிலிருக்கும் மகள் அனுப்பினாள். அறிவியல் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும் வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சில வாரங்கள் நம்பிக்கை குடியிருந்தது. “மருந்து வந்தா கடற்கரை வரைக்கும் நடந்து போகவேணும்,” என்பாள் மனைவி.

ஒரு காலையில், மகள் சொல்லித்தந்தபடி, கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் அக்கட்டுரையைக் கொடுத்து, தமிழில் விளக்கும்படி கேட்டேன். வந்த தமிழ் என்னை வியக்கவைத்தது. பிறமொழிக் கலப்பில்லை, வாக்கியங்களில் பிசிறில்லை. பொருளில் மனம் செல்லாமல் நடையில் மயங்கி, மனைவியின் கட்டிலருகே அமர்ந்து உரத்து வாசித்தேன்.

“இம்மருந்து இதுவரை எலிகளில் மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளது. இழந்த ஆற்றலை அவற்றிலும் அது மீட்டுத் தரவில்லை.”

“எவ்வளவு திருத்தமான தமிழ், பாரும்!” என்றேன்.

அவள் மெல்லச் சிரித்தாள். “தமிழ் நல்லாத்தான் இருக்குதப்பா. எலிக்கே சரிவரேல்லையாம். எனக்கு மருந்து இல்லையெண்டுதானே சொல்லுது?”

அப்போதுதான் நான் வாசித்தது எனக்கே விளங்கியது.

அறிவியல் தமிழில் எல்லார்க்கும் எட்டவேண்டுமென்று மேடைதோறும் வாதிட்டவன் நான். எட்டிய உண்மையைத் தாங்க வேண்டிவரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மாலையில் மகள் அழைத்தாள். “கட்டுரை விளங்கிச்சுதே, அப்பா?”

“ஓம் பிள்ளை, நல்லா விளங்கினது,” என்றேன்.