குத்தூசிக்காரருக்குப் பன்னிரண்டு குத்து

தானியக் கிடங்கில் அவரை எல்லாரும் குத்தூசிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். லாரி வந்து நின்றதும் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டும் தானியத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பூச்சி இருந்தால் உடனே நம்பிவிடுவார். சுத்தமாக இருந்தால்தான் சந்தேகம் வரும். வேறு மூலையில் ஒரு மறுகுத்து. அதிலும் தேறினால் மூட்டை முதுகில் நீலச் சாக்பீஸால் ஒரு டிக். டிரைவர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்கு ரத்தப் பரிசோதனையில் ஏதோ எண் ஏறியிருந்தது. புராஸ்டேட்டில் ஊசி விட்டுச் சதை எடுத்து, புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பயத்தைத் தொழில் முந்திக்கொண்டது.

"எந்தப் பக்கமா குத்துவீங்க?"

"ரெண்டு வழி இருக்குங்க ஐயா. மலக்குடல் வழியாப் போகலாம். இல்ல, அதுக்கு முன்னாடி, விதைப்பைக்குக் கீழ இருக்கிற தோல் வழியாப் போகலாம்."

கூட வந்திருந்த மனைவி சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள்.

"எதுல பூச்சி நல்லா மாட்டும்?"

"நோயைக் கண்டுபிடிக்கிறதுல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். தோல் வழின்னா கிருமி தொத்துற பயம் கொஞ்சம் கம்மி."

"அழுக்கு மூட்டைல விட்ட ஊசியை நல்ல மூட்டைல விடலாமா? தோல் வழியாவே போங்க. எத்தனை குத்து?"

"பன்னெண்டு."

"ஒரே மூட்டைக்கா?" என்று டாக்டரம்மாவை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

மரத்துப்போக ஊசி போட்டும் சும்மா படுக்கவில்லை. ஒவ்வொரு குத்தையும் சத்தமாக எண்ணினார். ஒன்பதாவதில், "பழைய எடத்துலயே போகுது, ஓரமாப் போங்க" என்றார்.

அப்புறம் முடிவு வரும்வரை பத்து நாள் சாப்பாடு இறங்கவில்லை. சாவுக்குப் பயந்தார். கிடங்கில் மூட்டைக்கு நாலு குத்து விழுந்தது.

"சுத்தமா இருக்குங்க ஐயா. புற்றுநோய் இல்ல" என்றார் டாக்டரம்மா.

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும்."

"அப்ப இன்னொரு தடவை குத்துங்க."

"இப்பத் தேவையில்ல. ஆறு மாசம் கழிச்சு ரத்தம் பார்த்தாப் போதும்."

"சுத்தம்னு வந்தா மறுகுத்து உண்டு, டாக்டரம்மா." மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்றார்.

மனைவி அவர் சட்டைப் பையில் கைவிட்டு நீலச் சாக்பீஸை எடுத்தாள். பின்னால் போய், முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

"தேறிடுச்சு. எழுந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

டிக் விழுந்த மூட்டையை அவர் ஒருநாளும் மறுபடி குத்தியதில்லை. எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினார். உட்கார இடம் கிடைத்தும், எங்கே அழிந்துவிடுமோ என்று வீடு வந்து சேரும்வரை முதுகைச் சாய்க்கவே இல்லை.