அக்காவுக்குக் கேட்காத கார்

என் அக்காவின் காதுக்குத் தப்பிப்பதற்காகத்தான் நான் அந்தக் காரை வாங்கினேன்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று மனைவியிடம் சொன்னேன். பழைய ஜீப் இடுப்பை ஒடிக்கிறது என்று நண்பர்களிடம் சொன்னேன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் காரணமல்ல! என்னைத் தெரிந்த எவரிடமும் இதைச் சொல்லும் துணிவு எனக்கு வந்ததில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

அக்கா அந்தமானில், பெரார்கஞ்சில், சாலையை ஒட்டிய ஒரு தகர வீட்டில் தனியாக வாழ்கிறாள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் எங்களைக் குடியமர்த்தினார்கள். நான் பிறந்த சில நாளிலேயே அம்மா இறந்துபோனாள். அக்காதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ரப்பர் மரங்களில் பால்வெட்டி என்னைப் படிக்கவைத்தாள். அவளுடைய கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. நான் போர்ட் பிளேரில் ஒப்பந்தக்காரன் ஆனேன், அங்கேயே ஷாதிபூரில் மாடிவீடு கட்டினேன், அவளைப் பெரார்கஞ்சில் குடிவைத்தேன்.

அவள் கண் மங்கத் தொடங்கியபோது டாக்டரிடம் அழைத்துப்போனதும் நான்தான். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, நரம்பு நசுங்குகிறது என்றார் அவர். "சீக்கிரமா மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இருக்கற பார்வையைக் காப்பாத்தலாம். போனது திரும்பாது." சரி என்று தலையாட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். தம்பி சரி என்று சொல்லிவிட்டானே!

அப்போது அவள் வீட்டைத் தாண்டி ஒரு பாலம் கட்டும் ஒப்பந்தம் எனக்கு இருந்தது. வேறு வழி கிடையாது, அவள் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். என் டீசல் ஜீப்பின் உறுமல் வளைவிலேயே அவளுக்குக் கேட்டுவிடும். நான் வந்து சேர்வதற்குள் சாலைக்கே வந்து நிற்பாள்.

"வந்துட்டியாப்பா? எறங்கு, சாயா போட்டுட்டேன்... ஏன்டா தம்பி, எப்படா கப்பலு?"

அந்த ஒரு கேள்வி! மழைக்காலம் முடியட்டும் என்பேன். பில் பாஸாகட்டும் என்பேன். மகனுக்குப் பரீட்சை என்பேன். "ஒன் வேலையப் பாருப்பா, எனக்கென்னா அவசரம்" என்று அவளே எனக்குச் சாக்கு எடுத்துக்கொடுப்பாள். அடுத்த முறை மறுபடியும் அதே கேள்வி.

பணமில்லையா? இருந்தது. அன்பில்லையா? இருந்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன். பிறகு என்ன?... சென்னையில் ஒரு விடுதி அறையில் பல வாரங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு கச்சால் கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்வாள். எனக்கு அலுத்துவிட்டது. ஆம், என்னை வளர்த்தவள் எனக்கு அலுத்துப்போய்விட்டாள்! இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹேடோ குடியிருப்பில் ஓர் அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எங்கள் தீவில் மாற்றல் வந்தால் கப்பல் புறப்படுவதற்குள் கட்டில், பீரோ, வண்டி எல்லாம் கைமாறிவிடும். அவருடையது ஒரு சின்ன எஸ்யூவி. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட். என்னோடு வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, இந்தச் சக்கர், இந்தத் தொல்லை நமக்கு வேணாம். பேட்டரி கராப் ஆச்சுன்னா இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. கப்பல்ல ஏத்தி மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும்."

ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. நான் பொத்தானை அழுத்தி மெல்ல நகர்த்தினேன். பாதையில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் வாலருகே சக்கரம் ஒதுங்கிப் போனது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை! அந்த இடத்திலேயே என் மனசு தீர்மானித்துவிட்டது. விலைகூடப் பேசாமல் வாங்குகிறேனே என்று மெக்கானிக் என்மேல் கோபித்துக்கொண்டான்.

ஜீப்பை விற்றேன். அக்காவிடம் போனில், "ஜீப்பு ரிப்பேரு அக்கா, அந்தப் பக்கம் வர முடியல" என்றேன்.

"பரவால்லப்பா. ஒடம்பப் பாத்துக்க" என்றாள்.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தக் கார் மெதுவாகப் போனால்தான் பேட்டரியில் போகும். கொஞ்சம் வேகம் பிடித்தாலும் எஞ்சின் விழித்துக்கொள்ளும். ஆகவே வளைவு வந்ததும் காலைத் தளர்த்துவேன், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். அவள் வாசலை ஊர்ந்துதான் கடக்கவேண்டும். ஓடி ஒளிகிறவன் விரைந்து ஓடுவான். நானோ நிதானமாக, அவளைப் பார்த்துக்கொண்டே ஒளிந்தேன்!

வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். முகம் சாலையின் பக்கம் திரும்பியிருக்கும். கார் என்று தெரியும் அளவுக்கு அப்போது அவளுக்குப் பார்வை இருந்திருக்கலாம், உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. ஒருமுறை கண்ணுக்குமேல் கையை வைத்து உற்றுப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மெக்கானிக் சொன்னதுபோலவே பேட்டரி தகராறு செய்தது. என்ன செய்தேன் தெரியுமா? காரைச் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டு, நானும் சென்னைக்குப் போனேன்! பழுது பார்த்து முடியும்வரை வாரக்கணக்கில் அங்கே ஒரு விடுதியில் சும்மா படுத்துக்கிடந்தேன். அக்காவை அழைத்துப் போயிருக்கலாமே என்று கேட்கிறீர்கள்... அழைத்தால் எதற்காகப் போகிறோம் என்று சொல்லவேண்டும். கார் இருப்பதைச் சொல்லவேண்டும். எந்தக் கார், எப்போது வாங்கியது என்று சொல்லவேண்டும். ஒரு பொய் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. பேட்டரிக்கு வைத்தியம் நடந்தது, அவள் கண் காத்திருந்தது.

திரும்பி வந்தபின் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஒருநாள் போன் செய்தார். "தீதிக்கு, உங்க அக்காவுக்கு, கண்ணு எதுவுமே தெரியலை. அடுப்பைத் தேடிக் கையைச் சுட்டுக்கிச்சு. நீங்க வாங்க" என்றார் இந்தியில். அன்றுதான் முதன்முதலாக அந்தக் காரை அவள் வாசலில் நிறுத்தினேன். நண்பனுடைய வண்டி என்று அவளிடம் சொன்னேன். பாருங்கள், அப்போதும் பொய்!

உடனே விமானத்தில் சென்னைக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டர் எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். "தம்பி அப்பவே கூப்புட்டான் டாக்டரு. நாந்தான் வரலன்னுட்டேன்." அறுவை சிகிச்சையால் இனிப் பயனில்லை என்றார் அவர். பார்வை போயே போய்விட்டது.

ஊர் திரும்பி, அவளைப் பெரார்கஞ்சுக்கு அழைத்துப்போனேன். மழை விட்டுச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்தது. வளைவு வந்ததும் பழக்கத்தில் என் கால் தானாகவே தளர்ந்தது. கார் ஓசையின்றி ஊர்ந்தது, சக்கரத்தின் கீழே கூழாங்கற்கள் மட்டும் நெரிந்தன. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி... இதே மாதிரி ஒரு காடி நம்ம வாசல்ல போவும்டா."

நான் சாலையையே பார்த்து ஓட்டினேன்.

"மத்தவனெல்லாம் சர்ருனு போவான், சேறு மூஞ்சில அடிக்கும். அவரு மட்டும் என் வாசலுக்கு வந்தா அப்புடியே மெதுவாப் போவாரு. கெழவி ஒக்காந்திருக்காளேன்னு நெனப்பாரு போல. யாரு பெத்த புள்ளையோ... நீ வராதப்பல்லாம் அந்தக் காடி போனாத்தான் எனக்கு மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

பிறகு என் தோளைத் தடவித் தேடிக் கையை வைத்தாள்.

"ஒனக்கு ரோட்டுல எல்லாரையும் தெரியுமே. அவரு யாருன்னு கேட்டுச் சொல்லுடா. ஒரு நாளு நிறுத்தி, ஒரு வாய் சாயா குடுக்கணும்."

"விசாரிக்கிறேன்க்கா" என்றேன்.

அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாளா? டாக்டரிடம் எனக்காகப் பொய் சொன்னவள் என்னிடமும் சொல்லமாட்டாளா? தெரியவில்லை... கேட்கவும் எனக்கு நெஞ்சில்லை. இப்போது வாரந்தோறும் போகிறேன், இறங்குகிறேன், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கப்பலைப் பற்றி அவள் கேட்பதே இல்லை. அந்த நல்ல மனிதரைப் பார்த்தாயா என்றுதான் கேட்கிறாள். இன்னும் பார்க்கவில்லை அக்கா என்கிறேன்.