செத்தல் மூட்டைக்கடியில் உடைந்த போத்தல்

பிள்ளைகளே, உங்கள் இரசாயனவியல் புத்தகத்தை மேசையில் விரித்தபடி விட்டுப் போயிருந்தீர்கள். அதில் ஓர் அறுகோணம், அதன் மூலையில் வால் முளைத்தது போல ஒரு கோடு, கீழே பென்சைல் புரோமைட்டு என்ற பெயர். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தப் படம் விளங்கவில்லை. ஆனால் அந்தச் சாமானைத் தெரியும். மாமா ஏன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறார் என்று கேட்பீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

அப்போது நானும் உங்கள் அம்மாவின் தம்பியான மாமாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினோம். கப்பல் குடாவில் நிற்கும். வத்தை எனும் தட்டைப் படகுகளில் கரைக்கு வரும் சாமானை நாங்கள் கிட்டங்கிக்குள் அடுக்குவோம். செத்தல் மிளகாய் வரும் நாளில் கண்ணைச் சுற்றித் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம். பூசினால் காரம் தோலில் ஏறாது.

அந்தக் கிழமை முழுக்க ஓயாத வேலை. கால் தன்பாட்டில் நடந்தது. ஒரு மத்தியானம் எல்லோருக்கும் கண்ணீர் ஓடத் தொடங்கியது.

"என்ன வாப்பா, கலியாணம் முடிச்சு அனுப்புற பொம்புளை மாதிரி அழுறீங்க?" என்றார் கிண்ணியாவிலிருந்து வரும் கங்காணி. சொன்னவரே சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"அத்தான், இது பொல்லாத செத்தல். எண்ணெயைத் தாங்கோ," என்று மாமா இன்னும் அள்ளிப் பூசினார். நாங்களும் பூசினோம். பூசப் பூச எரிவு கூடியது.

அடுத்து மாமா தோளில் ஏற்றிய மூட்டை ஈரமாக இருந்தது. அது கன்னத்தில் அழுந்தியதும் அவர் அப்படியே குந்திவிட்டார்.

"அத்தான், கண்ணைத் திறக்க ஏலாது."

மூட்டைகளுக்கடியில் ஒரு மரப்பெட்டி நசுங்கி, உள்ளே போத்தல் உடைந்திருந்தது. மலைநாட்டில் ஏதோ ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியதாம். கிளாக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் பெயரை வாசித்தார்; உங்கள் புத்தகத்தில் இருக்கிற அதே பெயர்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் மாமாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதென்ன, எண்ணெயோ?"

"ஓம் ஐயா, மிளகாய்க்குப் பூசுறது."

"இது எண்ணெயில கரையிற சாமான். நீங்கள் பூசினது அதைக் கண்ணடியிலேயே பிடிச்சு வைச்சிருக்கு."

கழுவிக் கழுவி, இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்க்கும் வரை பார்வையைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது என்றார்கள்.

அதன்பிறகு எனக்குப் பகலில் மூட்டை, பின்னேரத்தில் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருப்பது. வீட்டுக்கு வந்தால் படலையடியில் உங்கள் அம்மா நிற்பா. "தம்பிக்குக் கண் தெரியுமாமோ?" என்பா. "இன்னும் அவிழ்க்கேல்லை," என்பேன். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே நித்திரை வரும்.

அவிழ்த்த அன்று மாமா மெல்லக் கண் திறந்தார்.

"முன்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு தெரியுதோ?" என்று நேர்ஸ் கேட்டா.

அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என் பக்கம் திரும்பினார்.

"ஓம் மிஸ்ஸி. தாடி வழிக்காம ஒருத்தர் நிக்கிறார். இவரைப் பாக்கவோ கண்ணைத் திறந்தனான்?"

சிரிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. வெளியே வந்தேன். என் இடக் கண்ணும் போத்தல் உடைந்த அன்றிலிருந்து மங்கலாகத்தான் இருந்தது. அவருடைய முடிவு தெரியுமுன் என்னுடையதைச் சோதிக்க மனம் வரவில்லை. மதிலோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, வலக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தம்பலகாமத்துக்குப் போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாக வாசித்தேன்.