சம்பந்தி வீட்டு கோலா

சியாபாஸ் மலையில் பஷ்குவாலாவைப் புதிதாகப் பார்ப்பவர்கள் எழுபது வயது மதிப்பார்கள். அவளுக்கு நாற்பத்து நாலுதான். பால் மறந்த பிள்ளைக்கு பாட்டில் கோலா ஊட்டுகிற ஊர், அவளுக்கும் அதைத்தான் ஊட்டினார்கள். காய்ச்சல் என்றாலும் கோலா, கோயிலில் மந்திரிக்கப் போனாலும் கோலா. குடித்து நன்றாக ஏப்பம் விட்டால் பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக எழுந்து வருவார்கள். முப்பது வயதுக்குள் பல்லெல்லாம் போனது. பிறகு ஒரு கண் மங்கியது. இப்போது இடது கால் பெருவிரலில் ஆறாத புண். புருஷன் செத்தபின் விறகு சுமந்து, ஆடு மேய்த்து, மகன் லோலை ஆளாக்கிய கால் அது.

கிளினிக் டாக்டருக்கு அவள் பாஷை தெரியாது. லோல்தான் கேட்டுச் சொன்னான். "சர்க்கரை இறங்கலேன்னா காலையே எடுத்துடுவாங்களாம்மா. கோலாவைத் தொடவே கூடாதாம்."

அன்றோடு விட்டாள். நாக்கு கிடந்து தவித்தது, ஆனாலும் தொடவில்லை. புண்ணும் மெல்ல வாடத் தொடங்கியது.

அப்போதுதான் லோல் மன்வேலின் மகள்மீது ஆசைப்பட்டான். பெண் கேட்கப் போனால் கோலாப் பெட்டிகளோடுதான் போக வேண்டும். பெண்ணின் அப்பா ஊற்றித் தருவதை மறுக்கக் கூடாது. முடியாதவர்கள், கையோடு கொண்டுபோன காலி பாட்டிலில் ஊற்றி எடுத்துவரலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. முதல்முறை பஷ்குவாலா அப்படித்தான் செய்தாள்.

மறுமுறை மன்வேல் விடவில்லை.

"என்ன சம்பந்தியம்மா, எங்க வீட்ல குடுத்தா மட்டும் கசக்குதா?"

"டாக்டரு வேணாம்னுட்டாரு சம்பந்தி. கால்ல புண்ணு..."

"உங்க பையனுக்கு டாக்டரா பொண்ணு குடுக்கப் போறாரு?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. "எங்க வீட்ல ஒரு வாய் குடிக்காதவங்க, எம்பொண்ண எப்படி வெச்சுப்பீங்க? பாட்டில் கீட்டிலெல்லாம் அப்பால வைங்க."

அவள் மகனைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்ன அதே வாய், "குடிச்சுத் தொலையேம்மா. மானத்த வாங்காத" என்றது.

குடித்தாள். இனித்தது, சனியன்! இத்தனை மாதம் கழித்து அப்படி இனித்தது. மன்வேல் மறுபடி மறுபடி ஊற்றினான்.

ஒருநாளோடு முடியவில்லை. பேச்சு முடிய இன்னும் பலமுறை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும், "அன்னைக்குக் குடிச்சீங்களே, இன்னைக்கு என்ன கேடு?" என்று நீட்டினார்கள். சோளம் அறுப்பதற்குள் பாதம் கருத்து நாறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மன்வேல் வாசலில் வந்து நின்றான். உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்கட்டும் என்றே பேசினான்.

"தம்பி, எம்பொண்ணு உன்னோட குடும்பம் நடத்தத்தான் வருவா. ஒத்தக்கால் கிழவிக்குப் பீ மூத்திரம் அள்ள இல்ல. நீ வேற எடம் பாத்துக்க."

கிழவியாம்! அவளைவிட ஒரு வயது மூத்தவன் அந்தப் பாவி.

லோல் கெஞ்சிப் பார்த்தான். மன்வேல் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். உள்ளே வந்த லோலுக்கு அழுகையில் குரல் உடைந்தது.

"காலு போயிடும்னு உனக்குத்தான் தெரியும்ல? அப்புறம் ஏம்மா குடிச்சே? எங்க வாழ்க்கையவே கெடுத்துட்டியே!"

பஷ்குவாலா அவன் முகத்தைப் பார்க்கவும் பயந்து, போர்வையை வெட்டுப்பட்ட காலின்மேல் இழுத்து மூடினாள்.

"தப்புதான்யா" என்றாள்.